கீற்றணியா, பல்லடுக்கு ஆடியா?

ஆரணியில் நெய்த மெல்லிய பட்டுச்சேலையை ஒற்றையாக இழுத்துப் பிடித்து, அதன் வழியே தூரத்துத் தெருவிளக்கைப் பாருங்கள். பாவும் ஊடையும் ஓடும் திசைகளில் விளக்கு பல புள்ளிகளாகப் பிரிந்து நிறம் காட்டும். பிலடெல்பியாவில் அமெரிக்க அரசியல்வாதி ஹாப்கின்சன் பட்டுக் கைக்குட்டை வழியே கண்டதும் இதுதான். அவர் கேட்டதற்காக, 1785இல் வானியலாளர் ரிட்டன்ஹவுஸ் மயிரிழைகளை வரிசையாகக் கட்டி, ஒளியை நிறம்வாரியாகப் பிரிக்கும் கீற்றணி செய்தார்.

அத்தகைய கீற்றணியை இன்றைய பம்ப்-புரோப் சோதனையில் வைக்கலாமா? ஒரு லேசர் துடிப்பு மூலக்கூறைக் கிளப்பிவிடும். பின்னால் வரும் தீவிரப் புறஊதாத் துடிப்பு அதன் நிலையைப் பார்க்கும். இடைவெளி ஃபெம்டோ வினாடிக் கணக்கு. ஒரு ஃபெம்டோ வினாடியில் ஒளி போவது 0.3 மைக்ரோமீட்டர்தான். தீவிரப் புறஊதா ஒளியைக் கண்ணாடியும் காற்றும் விழுங்கிவிடும் என்பதால், வெற்றிடத்தில் ஆடிகளைத்தான் நம்ப வேண்டும். வளிமத்தில் லேசரைக் குவித்து இந்த ஒளியை எடுத்தால், லேசர் அதிர்வெண்ணின் மடங்குகளான பல சீரிசைகள் கலந்தே வரும். வேண்டியதைப் பிரித்தாக வேண்டும்.

கீற்றணி நன்றாகவே பிரிக்கும். ஆனால் அடுத்தடுத்த கீற்றில் பட்ட ஒளி ஒவ்வோர் அலைநீளம் பிந்தும். 30 நானோமீட்டர் ஒளி 1,000 கீற்றுகளில் பட்டால் 30 மைக்ரோமீட்டர் பிந்தல். அதாவது 100 ஃபெம்டோ வினாடி. பார்க்க வந்த துடிப்பே இப்படி நீண்டுவிட்டால், அதைவிடச் சுருக்கமாக நடந்ததை எப்படிக் காண்பது? இரண்டாவது கீற்றணி வைத்து இதைச் சரிசெய்யலாம், இத்தாலியின் பதுவாவில் செய்தும் காட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே அரிதான ஒளி மேலும் குறையும்.

மற்ற வழி பல்லடுக்கு ஆடி. மாலிப்டினமும் சிலிக்கானும் மாறிமாறிப் படிந்த பல்லடுக்கு ஆடியில் ஓர் இணை அடுக்கு ஏறக்குறைய 7 நானோமீட்டர். ஐம்பது இணைகள் சேர்ந்தும் பட்டுப்புழு விடும் ஒற்றை இழையின் முப்பதில் ஒரு பங்குதான். 13.5 நானோமீட்டரில் 70 விழுக்காடு வரை திருப்பித் தரும்; துடிப்பும் ஓரிரு ஃபெம்டோ வினாடிக்கு மேல் இழுபடாது. குறையும் உண்டு: பக்கத்துச் சீரிசைகளும் உடன் நுழையும், அலைநீளம் மாற்றினால் வேறு ஆடி வேண்டும், 30 நானோமீட்டர் பக்கம் போனால் திருப்பும் திறன் வெகுவாகச் சரியும்.

வேகம்தான் கேள்வி என்றால் நான் பல்லடுக்கு ஆடியின் பக்கம். அலைநீளத்தை மாற்றிமாற்றித் தேடும் ஆய்வுக்கு மட்டும் இரட்டைக் கீற்றணி. ஒற்றைக் கீற்றணி இங்கே வேண்டாம். இந்தூரின் ராஜா ராமண்ணா மையத்தில் இத்தகைய ஆடிகளைப் படியவைத்தும் இருக்கிறார்கள். அங்குள்ள இந்தஸ்-1 சின்க்ரோட்ரான் ஒளியில் அளந்தும் இருக்கிறார்கள். நம் ஆய்வகங்கள் வெளிநாட்டு விலைப்பட்டியலைத் திறக்கும் முன் அங்கே கேட்கட்டும்.