கொஸ்துக்கும் கடப்பாவுக்கும் நடுவில் ஓர் ஊர்

எங்கள் ஊரான உடையார்பாளையத்தில் கோயில் கொண்டிருக்கும் சிவபெருமானுக்குப் பயறணீசுவரர் என்று பெயர். மிளகு மூட்டைகளோடு இந்த வழியாக வந்த வணிகர் ஒருவர், சுங்கத்துக்கு அஞ்சி, உள்ளே இருப்பது பயறு என்று சொல்லிவிட்டாராம். அவிழ்த்துப் பார்த்தால் மிளகு முழுதும் பயறாகிக் கிடந்தது. அழுது வேண்டிக்கொண்ட பிறகு மறுபடி மிளகாயிற்று என்பது தலவரலாறு. சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வணிகரைவிட அந்த மூட்டைதான் மனத்தில் நின்றது. பயறு வேறு, மிளகு வேறு என்று இருந்தாலும், எங்கள் வீட்டு அடுக்களையில் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று இருந்து நான் பார்த்ததில்லை.

அந்த வீட்டுக்கு விருந்தாளிகள் வந்து உட்கார்ந்து, இலையில் இட்லியோ பொங்கலோ விழுந்ததும் எழுகிற கேள்வி, 'தொட்டுக்க என்ன?' சட்னி அரைத்தால் போதும், அடுப்பு வேண்டாம். சாம்பார் ஊற்றிக்கொள்வது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு குடும்பம் இருக்கிறது. வேகவைத்து, மசித்து, சேர்ந்து வரும்படி கொதிக்கவிட்டு, சூடு ஆறுவதற்குள் தொட்டுச் சாப்பிட வேண்டியவை. கொஸ்து, கடப்பா, கடைசல், கோசமல்லி என்று ஊருக்கு ஒரு பெயர். விருந்துச் சமையலைப் பற்றி எழுதுகிறவர்கள் பாயசத்துக்கும் கறிக்கும் கொடுக்கும் இடத்தை இவற்றுக்குக் கொடுப்பதில்லை. வீட்டு விசேஷத்தின் காலைப் பலகாரத்தைத் தூக்கி நிறுத்துவதோ இவைதாம்.

உடையார்பாளையம் திருச்சி – சிதம்பரம் சாலையில் இருக்கிறது. கிழக்கே ஜெயங்கொண்டம், கங்கைகொண்டசோழபுரம், காட்டுமன்னார்கோயில் தாண்டினால் சிதம்பரம். தெற்கே கொள்ளிடம் கடந்தால் கும்பகோணம். பெண் கொடுத்ததும் எடுத்ததும் இந்த இரண்டு திசையிலும் நடந்ததால், எங்கள் உறவில் கொஸ்து வீடுகள் என்றும் கடப்பா வீடுகள் என்றும் பிரித்தே சொல்லலாம். என் பெரியம்மா கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்தவள். அம்மாவுக்குப் பிறந்த ஊர் காட்டுமன்னார்கோயில். ஒரே அடுக்களையில் இரண்டு பள்ளிகள்.

சிதம்பரத்துக் கொஸ்துக்குத் துணை சம்பா சாதம். நடராசர் கோயிலில் தீட்சிதர்கள் படைக்கும் நைவேத்தியமாக இரண்டும் சேர்ந்தே பெயர் பெற்றவை. சாதத்தில் மிளகும் சீரகமும் நெய்யும். கொஸ்தில் கத்திரிக்காயும் புளியும். கத்திரிக்காயை வதக்கியோ வேகவைத்தோ மசித்து, புளிக்கரைசலில் கொதிக்கவிட்டு, கொத்துமல்லி விதை, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம் வறுத்துப் பொடித்த பொடியைத் தூவி இறக்குவது. தாளிக்க நல்லெண்ணெய். வெங்காயமும் தக்காளியும் ஓட்டல்காரர்கள் சேர்த்தவை. அதையும் குறை சொல்ல மாட்டேன், இட்லிக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் பொடியைப் பழையதாகப் போடுவதை மட்டும் மன்னிக்க முடியாது. கொஸ்தின் உயிர் அன்றைக்கு வறுத்த மல்லியில் இருக்கிறது. டப்பாவில் ஒரு மாதம் கிடந்த பொடியைப் போட்டால் அது கத்திரிக்காய்ப் புளிக்குழம்பாகிவிடும்.

இதே பள்ளியின் இன்னொரு கிளை சுட்ட கத்திரிக்காய்க் கொஸ்து. அம்மா செய்ததை இன்றைக்கும் கண்ணுக்கு முன்னால் பார்க்கிறேன். பெரிய கத்திரிக்காயாக நாலு எடுத்து, நல்லெண்ணெய் தடவி, குமுட்டி அடுப்புத் தணலில் வைப்பாள். காம்பைப் பிடித்துத் திருப்பித் திருப்பி விடுவாள். தோல் கருகி வெடித்து, உள்ளிருந்து நீர் கசிந்து தணலில் சொய்யென்று விழும்போது எடுத்து, ஒரு தட்டில் போட்டு மூடி வைப்பாள். ஆறியதும் தோலை உரித்துவிட்டு, கைவிரலாலேயே பிசைவாள். மிக்ஸியில் போட்டால் விதை அரைபட்டுக் கசக்கும், நாரும் போய்விடும். கொஸ்துக்கு அந்த நார் வேண்டும். தொட்ட பொருளைப் பிடித்துக்கொள்வது அதுதான். தோலின் கருந்துகள் இரண்டொன்று ஒட்டியிருந்தால் அம்மா விட்டுவிடுவாள், புகைமணம் அதில் இருக்கிறது என்பாள். பத்துப் பேருக்கு முக்கால் கிலோ காயும், எலுமிச்சை அளவில் பாதிப் புளியும் போதும். கொதித்து ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றால் பதம்.

காய் பழையது. கத்திரிக்காயை வழுதுணை என்று சொன்ன காலத்திலிருந்தே தமிழர் அதைச் சமைத்து வருகிறார்கள். புளியும் மல்லியும் அப்படியே. கும்பகோணத்துக் கடப்பாவின் கதை வேறு. அதில் உருளைக்கிழங்கும் பச்சை மிளகாயும் விழுகின்றன. இரண்டும் போர்த்துக்கீசியர் காலத்துக்குப் பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்தவை. அதற்காகக் கடப்பாவை இளையது என்று தள்ளிவிட முடியாது. இந்தக் குடும்பத்தில் நுட்பம் மிகுந்த பண்டம் அதுதான் என்பது என் தீர்ப்பு. கொஸ்து வீட்டுப் பிள்ளையாக இருந்தும் இதைச் சொல்கிறேன்.

பத்துப் பேருக்கு 200 கிராம் பாசிப்பருப்பு, அரைக் கிலோ உருளைக்கிழங்கு. பருப்பு குழைய வேக வேண்டும். கிழங்கைப் பாதி மசித்து, பாதியைத் துண்டாக விட வேண்டும். ஒரு மூடித் தேங்காயோடு பொட்டுக்கடலை, சோம்பு, கசகசா, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் சேர்த்து வெண்ணெய் போல அரைத்துக்கொள்ள வேண்டும். பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை தாளித்து, வெங்காயம் சிவக்காமல் வதக்கி, பருப்பையும் கிழங்கையும் விட்டு, கடைசியில் அரைத்ததைச் சேர்த்து, பச்சை வாசனை போனதும் இறக்கி எலுமிச்சம்பழம் பிழிவது. நிறம் வெளிறி இருக்க வேண்டும். மஞ்சள்தூளை அள்ளிப் போட்டால் பார்வைக்குச் சாம்பாராகிவிடும்.

இதில் நடப்பது என்ன? தேங்காயில் எண்ணெய் இருக்கிறது. தனியாகக் கொதிக்கவிட்டால் எண்ணெய் ஒரு பக்கம், சக்கை ஒரு பக்கம் என்று பிரியும். பருப்பிலும் கிழங்கிலும் பொட்டுக்கடலையிலும் உள்ள மாவுச்சத்து நீரை உறிஞ்சிப் பருத்து, அந்த எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று சேரவிடாமல் நடுவில் நிற்கிறது. அதனால்தான் கடப்பா நாவில் பால் போல் வழுக்குகிறது, வயிற்றில் கனக்காமலும் இருக்கிறது.

என்னுடைய ஒரு தவற்றை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு சீமந்தம், அறுபது பேர். கடப்பா என் பொறுப்பு. நேரமாகிறதே என்று விறகை ஏற்றிவிட்டு, அரைத்த விழுதை முன்கூட்டியே அண்டாவில் கொட்டிவிட்டேன். மாவுச்சத்து அடியில் தங்கிப் பிடித்துக்கொண்டது. அதோடு விட்டிருக்கலாம். பதறிப்போய்க் கரண்டியால் அடியைச் சுரண்டிக் கிளறினேன். தீய்ந்த வாசனை அண்டா முழுவதும் ஏறிவிட்டது. பெரியம்மா ஓடி வந்து பார்த்தாள். திட்டவில்லை.

"அடிப்புடிச்சா சொரண்டக் கூடாதுடா. மேல இருக்கறத அப்படியே வேற பாத்தரத்துல மாத்திரணும். எறக்குறப்போ தண்ணியாத்தான் இருக்கணும், எலைக்குப் போறப்போ அதுவே கெட்டிப்பட்டுக்கும்."

அன்றைக்கு எல்லாருக்கும் இட்லிப் பொடிதான். கர்ப்பிணிப் பெண் மசக்கை வாய்க்குக் கடப்பா வேண்டும் என்று கேட்டிருந்தாள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

பெரியம்மாவிடம் ஒரு சோதனை உண்டு. இட்லியில் ஒரு விள்ளல் பிட்டு, கடப்பாவில் தோய்த்து, தலைகீழாகப் பிடிப்பாள். சொட்டினால் இன்னும் இரண்டு கொதி. அப்பிக்கொண்டு அசையாமல் நின்றால் வெந்நீர் ஒரு கரண்டி. மெல்ல நகர்ந்து, விழாமல் நின்றால் அடுப்பை அணைப்பாள். கொஸ்துக்கும் அம்மா இதையே வேறு சொல்லால் சொல்வாள்: இலையில் ஓடக் கூடாது, விரலில் ஒட்ட வேண்டும். இரண்டு பள்ளிகளும் காரத்திலும் புளிப்பிலும் எவ்வளவோ விலகினாலும் இந்த இடத்தில் ஒன்றுபடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மற்ற வட்டாரங்களையும் தொட்டுவிட்டுப் போகிறேன். செட்டிநாட்டுக் கோசமல்லி, கொஸ்துக்குத் தங்கை. இடியாப்பத்துக்கு அதைப்போல் பொருந்துவது குறைவு. கொங்குப் பக்கத்தில் பச்சைப்பயறும் கொள்ளும் மத்தால் கடைந்து கடைசலாகின்றன. திருநெல்வேலிச் சொதி ஊற்றிச் சாப்பிடும் இனம், ஆனால் தேங்காய்ப்பாலைத் திரியவிடாமல் இறக்கும் அந்தக் கவனம் கடப்பாக்காரர்களுக்குப் பாடம்.

எங்கள் மண்ணுக்கு என்று ஒன்று உண்டென்றால் அது முந்திரி. உடையார்பாளையம், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் என்று சுற்றிலும் செம்மண்ணில் முந்திரிக் கொல்லைகள். முழுப் பருப்பு விற்பனைக்குப் போகும், உடைந்த துண்டு வீட்டில் தங்கும். கசகசா விலை ஏறிய பிறகு, எங்கள் பக்கத்துக் கடப்பாவில் அதன் இடத்தை ஊறவைத்த முந்திரித் துண்டு பிடித்துக்கொண்டது. கும்பகோணத்தார் ஒப்ப மாட்டார்கள். எனக்கு இதுவே பிடிக்கிறது. ஒரு கைப்பிடி முந்திரி விழுந்தால் கடப்பாவுக்கு வெண்ணெய்க்குரிய ஒரு கனம் வருகிறது.

இப்போது பிள்ளைகள் விருந்தென்றால் சீஸ் டிப் கேட்கிறார்கள். பெரியவர்கள் முகம் சுளிப்பதை நான் ஏற்கவில்லை. சுவிட்சர்லாந்தில் பாலாடைக்கட்டியை வெள்ளை ஒயினில் உருக்கி, ரொட்டித் துண்டைக் குத்தித் தோய்த்துச் சாப்பிடும் ஃபாண்டூவை, அந்நாட்டுப் பாலாடைக்கட்டிச் சங்கம் 1930களில்தான் நாடெங்கும் பரப்பியது. அதிலும் ஒரு கரண்டி மக்காச்சோள மாவு கலப்பார்கள். எதற்கு? கடப்பாவில் பொட்டுக்கடலை போடும் அதே காரணத்துக்கு. பாலின் புரதம் கடுஞ்சூட்டில் இறுகிக் கொழுப்பைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். மாவு நடுவில் நின்றால் தள்ளாது. கடையில் விற்கும் பதப்படுத்திய சீஸ் கட்டியில் அதற்கென்றே உப்புகள் சேர்க்கிறார்கள், அதனால் அது திரியாமல் உருகுகிறது. அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் பதப்படுத்திய சீஸ் செய்முறை ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியது 1916இல். மொசரெல்லா அப்படி உருகாது, நூல் நூலாக இழுக்கும். அது பீட்சாவுக்கு ஆகும், தொட்டுக்கொள்ள ஆகாது.

போன காணும் பொங்கலன்று மாலை என் தங்கை மகள் ஒரு சீஸ் டிப் செய்தாள். பெரம்பலூர்ப் பக்கத்து மக்காச்சோளம், செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம், எங்கள் கொல்லை முந்திரி. முந்திரித் துண்டு பத்துப் பன்னிரண்டை வெந்நீரில் ஊறவைத்து அரைத்தாள். வெண்ணெயில் வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கி, அரை டம்ளர் பால் விட்டு, முந்திரி விழுதைச் சேர்த்தாள். துருவிய சீஸ் 100 கிராமில் ஒரு தேக்கரண்டி மக்காச்சோள மாவைப் புரட்டி வைத்திருந்தாள். பால் கொதிக்குமுன் தீயை அடங்க வைத்து, துருவலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி ஒரே பக்கமாகக் கிளறினாள். இறக்கியதும் மிளகைத் தட்டிப் போட்டாள். கல்சட்டியை வெந்நீரில் சூடாக்கி அதில் மாற்றினாள். கல்சட்டி சூட்டை விடாது, அரை மணி நேரம் தாங்கும்.

தட்டில் கை முறுக்கு உடைத்து வைத்திருந்தது. பெரியம்மாவுக்கு வயது எண்பத்தொன்று. ஒரு துண்டை எடுத்துச் சட்டியில் தோய்த்தாள். வாய்க்குக் கொண்டுபோகாமல் தலைகீழாகப் பிடித்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மெல்ல நகர்ந்து, முறுக்கின் நுனியில் திரண்டு, விழாமல் நின்றது.

தின்றுவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள். "வெங்காயத்த இன்னுங் கொஞ்சம் வதங்க விட்டிருக்கலாம்மா" என்றாள்.