ரோரி கலாகரின் இசைப்பதிவுகள்

ரோரி கலாகர் (1948–1995) அயர்லாந்தைச் சேர்ந்த புளூஸ் ராக் கிதார் கலைஞர். டேஸ்ட் குழு கலைந்தபின், 1971 முதல் தம் பெயரிலேயே இசைத்தொகுப்புகளை வெளியிட்டார். ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்தவை அவரது ஆற்றலை முழுதாகக் காட்டுவதில்லை. வாசிப்பு அங்கே சற்று அடங்கியே ஒலிக்கிறது. மேடையில் பதிவான 'ஐரிஷ் டூர் '74' அப்படியல்ல. வன்முறைக்கு அஞ்சிக் கலைஞர்கள் பலர் பெல்பாஸ்ட்டைத் தவிர்த்த காலம் அது. அவர் அங்கும் வாசித்தார். டப்ளின், கார்க் நகரங்களிலும் வாசித்தார். கூட்டத்தின் ஆரவாரம் கூடக் கூட அவர் விரல்களில் வேகம் ஏறுவதை இத்தொகுப்பில் தெளிவாகக் கேட்கலாம்.

மெருகூட்டிய ஒலி அவருக்கே பிடிக்கவில்லை போலும். சான் பிரான்சிஸ்கோவில் பதிந்த தொகுப்பொன்றை 1978 இல் முழுவதுமாகக் கைவிட்டு, அதன் பாடல்கள் சிலவற்றை மீண்டும் பதிந்து 'போட்டோ ஃபினிஷ்' என வெளியிட்டார். கைவிட்ட பதிவு 2011 இல்தான் வெளிவந்தது. அதைக் கேட்டால், அவர் அவசரப்பட்டதாகத் தோன்றவில்லை.