மும்முத்திரையும் அடைவுமுறையும்

புலி, கயல், வில் என்னும் பொறிகட்குத் தனித்தனியே உட்பொருள் காண முயல்வார் உளர். புலி மறத்தைக் குறிக்கும் என்பர். கயல் கடல்வளத்தைக் குறிக்கும் என்பர். இவற்றிற்கு நூற்சான்று காட்டுவார் அரியர். பொறியின் பொருள் பெரும்பாலும் அது நிறுத்தப்பெறும் முறையிலேயே உளது என்பது எம் துணிபு.

கொரியக் கொடி இதற்கு நல்லதோர் ஒப்புமை. 1883-இல் நாட்டுக் கொடியாக ஏற்கப்பெற்று, 1949-இல் தென்கொரியாவில் வடிவம் வரையறுக்கப்பெற்ற அக்கொடியில், வெண்ணிலத்தின் நடுவே செம்மையும் நீலமும் தம்முள் தழுவிய வட்டம் உளது. நான்கு மூலையினும் கருங்கோட்டுக் குறிகள். வானக்குறிக்கு மூலைவாட்டில் எதிரே நிலக்குறி. நீர்க்குறிக்கு எதிரே தீக்குறி. இக்குறிகளை இடமாற்றி எழுதின் எதிரெதிர் நிற்கும் இவ்விணை குலையும். கொடி சொல்லவந்ததும் உடன் குலையும்.

இனிச் சிலப்பதிகாரம் நோக்குக. வடதிசைச் செலவு கருதிய செங்குட்டுவனுக்கு, வில், கயல், புலி ஆகிய மூன்றும் பொறித்த முடங்கலை வடபுல வேந்தர்க்கு விடுக்குமாறு வில்லவன் கோதை காட்சிக் காதையில் கூறுகின்றான். சேரன் ஓலையில் ஏனையிருவர் பொறி எதற்கு? வடவர் இகழ்ந்தது தமிழ் வேந்தரை; ஆகலின் மூன்றும் ஒருங்கு நின்று தமிழகத்தைக் குறித்தன. வில் முதற்கண் வைக்கப்பட்டமையும் கருதத்தக்கது. (அழும்பில் வேள் பறையறைதலே அமையும் என்றமையின் அவ்வோலை சென்றிலது.)

அம்மூன்று பொறிகளே சோழர் செப்பேட்டு முத்திரைகளினும் உள. இராசேந்திரனது திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலி அமர்ந்திருக்கின்றது, இருகயல் அருகே, வில்லும் உண்டு, மேலே குடை. பாண்டியரையும் சேரரையும் வென்றடக்கிய அரசின் முத்திரை இது. ஈண்டுக் கயலும் வில்லும் தோழமையைக் குறித்தன என்றல் பொருந்தாது; குடை ஒன்றே. இளங்கோவின்கண் ஒருமை உணர்த்தியவை செப்பேட்டில் அடிமை உணர்த்தின. பொறிகள் மாறவில்லை, அடைவே மாறிற்று.

புலிக்கும் கயலுக்கும் இடைப்பட்ட நிலம் எம் புதுக்கோட்டை வட்டாரம். சோழ பாண்டிய எல்லையாக மரபு கூறும் வெள்ளாறு இதனூடே ஓடுகின்றது. கோவலனும் கண்ணகியும் மதுரை செல்லும் வழியிற் கூறப்படும் கொடும்பாளூரை ஆண்ட வேளிர், சோழர் பக்கம் நின்றோர். ஈண்டுப் புலியும் கயலும் வெறும் அழகுச் சின்னங்களாய் இருந்திரா. திறை யாருக்கு என்பதே வினா.

கொடிநிலை பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். தொல்காப்பியப் புறத்திணையியலின் அச்சொல்லுக்கு நச்சினார்க்கினியர் ஞாயிறு எனப் பொருள் கொண்டார். புறப்பொருள் வெண்பாமாலையோ, மூவர் கொடியுள் ஒன்றனோடு ஒப்பிட்டு மன்னன் கொடியைப் புகழ்தல் என்றது. தமிழர் கொடியிலும் கொரியர்போல் அண்டத் தத்துவம் உண்டென நாட்ட விழைவோர் நச்சினார்க்கினியரைத் துணைக்கழைத்தல் கூடும். அவருரையை ஏற்பின் அவ்விடத்துக் கொடி என்னும் பொருளே இல்லையாய் ஒழியும் என்பதை அன்னோர் நினைத்திலர்.