சுவரும் மஞ்சள் நாயும்: இரண்டு தென்னாப்பிரிக்கக் கதைகளும் ஓரங்க நாடகமும்



ஆப்பிரிக்கான்ஸ் என்றதும் நமக்குச் சம்பந்தமே இல்லாத மொழி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த மொழியில் வாழைப்பழத்துக்குப் 'பீசாங்' என்று பெயர். ஆமாம், நம்ம பசாரில் கேட்கிற அதே பீசாங்தான். டச்சுக்காரர்கள் நம் வட்டாரத்திலிருந்து அடிமைகளாகக் கேப் டவுனுக்குக் கொண்டுபோன மக்களின் வாயிலும் புழங்கி வளர்ந்த மொழி அது. பிறகு அதுவே நிறவெறி ஆட்சியின் மொழியாகவும் ஆனது. 1976-இல் அதைப் பாடமொழியாகத் திணித்ததை எதிர்த்துத்தான் சொவெட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள்.

அந்த மண்ணின் இரண்டு சிறுகதைகளை வைத்து ஒரு கேள்வி கேட்கிறேன். கதையை ஓரங்க நாடகமாக்கும்போது எதில் கை வைக்கக்கூடாது?

முதல் கதை யான் ராபி எழுதிய 'வறட்சி'. 1956-இல் வந்த '21' என்ற தொகுப்பில் உள்ளது. ரொம்பச் சின்னக் கதை. மழை இல்லாத நிலத்தில் ஒரு வெள்ளையரும் ஒரு கறுப்பரும் சேர்ந்து வீடு கட்டுகிறார்கள். வெள்ளையர் உள்ளே நிற்கிறார், கறுப்பர் வெளியே நிற்கிறார். நடுவில் சுவர் உயர்ந்துகொண்டே போகிறது. இது பாதி நாடகம்தான். இரண்டு நடிகர், கொஞ்சம் கல் இருந்தால் போதும். அவர்களுக்குப் பெயர் வைக்காதீர்கள், குடும்பக் கதை சேர்க்காதீர்கள், அவ்வளவுதான். சுவர் உயர்வதைச் சபை கண்ணால் பார்த்தாலே போதும். இதற்குமேல் இந்தக் கதையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

சிக்கல் இரண்டாவது கதையில். ஹெர்மன் சார்ல்ஸ் பொஸ்மன் (1905–1951) ஆப்பிரிக்கானர் குடும்பத்தில் பிறந்தவர். எழுதியது பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆனால் காதில் விழுவது மாரிக்கோ வட்டார விவசாயிகளின் ஆப்பிரிக்கான்ஸ் பேச்சு. 1926-இல் அங்கே கொஞ்ச காலம் ஆசிரியராக இருந்தவர் அவர் (நம்ம இனம்!). அவருடைய பல கதைகளைச் சொல்பவர் 'ஊம் ஸ்கால்க்' என்ற முதியவர். 'ஊம்' என்றால் மாமா.

'மண்ணுக்கே' என்று நாம் பெயர் சொல்லக்கூடிய கதை இது. சண்டையில் ஒரு வெள்ளை விவசாயி ஈட்டி பட்டு விழுகிறார். அவரைக் கொன்ற கறுப்பரும் சுடப்பட்டு அதே இடத்தில் விழுகிறார். மாதங்கள் கழித்து எலும்பை எடுத்துப் புதைக்கப் போனால், எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. எப்படியோ பங்கு பிரித்துப் புதைக்கிறார்கள். அப்புறம், அந்தக் கறுப்பரின் மஞ்சள் நாய் வெள்ளையரின் சமாதியில் வந்து படுத்துக்கொள்கிறது.

இதை என் படிவம் ஐந்து மாணவர்களுக்குத் தமிழில் சொல்லி, ஓரங்க நாடகமாக எழுதச் சொன்னேன். சண்டைக் காட்சி வந்தது, எலும்புக் காட்சி வந்தது, நாய் வந்தது. கடைசியில் ஒருவர் முன்னால் வந்து, "மனிதர் எல்லாரும் சமம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் நல்ல மதிப்பெண் போட்டேன். தப்பு என் பேரில்தான். ஸ்கால்க் மாமாவை நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து தொலைத்துவிட்டோம்.

ஏன் என்றால், மாமா அப்படி நம்புகிற ஆளே இல்லை. வெள்ளையர் வேறு, கறுப்பர் வேறு என்பதில் அவருக்குச் சந்தேகம் கிடையாது. அவர் சொல்வதும் இன்னொருவர் சொல்லக் கேட்ட கதை. அந்த இன்னொருவருக்கோ நாய் படுத்திருப்பது மனசை உறுத்துகிறது. தாம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது மாமாவுக்கே தெரியாததுபோல் கதை நகர்கிறது. தெரிந்துதான் சொல்கிறாரோ என்ற சந்தேகமும் நமக்கு வருகிறது. கதையின் கூர்மை அந்த இடத்தில்தான் இருக்கிறது. 'மஃபெக்கிங் ரோடு' கதையில், எதைச் சொல்லாமல் விடுவது என்று தெரிந்திருப்பதுதான் முக்கியம் என்ற பொருளில் இதே மாமா பேசுவார். காட்சியாகப் பிரித்துப்போட்டால், அவர் சொல்லாமல் விட்டதையெல்லாம் நாம் மேடையில் கொட்டிவிடுகிறோம்.

பாட்ரிக் மின்ஹார்ட் என்ற தென்னாப்பிரிக்க நடிகர் இதைச் சரியாகப் பிடித்தார். பொஸ்மன் கதைகளைத் தனியொருவராக நின்று பல ஆண்டுகள் நடித்தார். சண்டையும் சமாதியும் மேடைக்கு வர வேண்டாம். சொல்கிற ஆள் வந்தால் போதும். 'தனிநடிப்பு நாடகமா?' என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு என் பதில் இது: இந்தக் கதைக்கு அதுதான் நாடகம். பாத்திரத்தை அதிகமாக்கினால் கதை மெலியும்.

தேர்வு எழுதும் மாணவர்களே, கதைசொல்லி நம்புவதும் கதை காட்டுவதும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். கருப்பொருளை அதற்குப் பிறகு எழுதுங்கள். ஒன்றில்லை என்றால், அந்த இடைவெளியைச் சொன்னாலே உங்கள் விடை மற்றவர் விடையிலிருந்து தனித்து நிற்கும்.

அடுத்த முறை ஒரு நாற்காலி, ஒரு சுங்கான், ஒரே மாணவி என்று மறுபடி முயன்றோம். அவள் மாமாவாக உட்கார்ந்து, எலும்பைப் பங்கு போட்டதை ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். வகுப்பு சிரித்தது. நாய் வந்த இடத்தில் சிரிப்பு பாதியிலேயே நின்றது. முடிவில் திரைக்குப் பின்னால் நாய் குரைக்கும் சத்தம் வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வேண்டாம் என்றேன். அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.