மதராஸ் என்றொரு கோழி, ‘இதர’ என்றொரு கட்டம்

போன ஞாயிறு திருவொற்றியூர் மார்க்கெட்டில் கோழி வாங்கப் போனேன். கூண்டில் செவலையாக நாலைந்து நின்றன. “அண்ணே, நாட்டுக்கோழியா?” என்றேன். “நாட்டுக்கோழி மாதிரி சார்” என்றார். அந்த ‘மாதிரி’ வீடு வரை கூடவே வந்தது. ஒரு கோழி என்ன இனம்னு யார்தான் முடிவு பண்றாங்க?

இதற்கென்றே ஒரு பிரபலமான புத்தகம் இருக்கிறது: அமெரிக்கன் பவுல்ட்ரி அசோசியேஷன் 1874ல் முதலில் வெளியிட்ட ‘ஸ்டாண்டர்ட் ஆஃப் பெர்ஃபெக்‌ஷன்’. அதில் மூன்று அடுக்கு. வகுப்பு, அதற்குள் இனம், அதற்குள் ரகம். உடல்வாகு இனத்தைச் சொல்லும். இறகின் நிறமும் கொண்டையின் வடிவமும் ரகத்தைச் சொல்லும். லெகார்ன் இனம், வெள்ளை லெகார்ன் ரகம். டேட்டாபேஸ் டிசைன் பண்ணியே பழகின எனக்கு இது ரொம்பப் பிடிச்சது. நிறத்தைப் பார்த்தே இனம் சொல்லிவிடும் அவசரத்தை இது தடுக்கிறது.

சிக்கல் மேல் அடுக்கில். பெரிய கோழிகளுக்கு அமெரிக்கன், ஆசியாட்டிக், இங்கிலீஷ், மெடிட்டரேனியன், கான்டினென்டல் என்று ஐந்து வகுப்பு. ஆறாவது, ‘இதர’. ஆசியாட்டிக் வகுப்பில் இருப்பது மூன்றே இனம்: பிரம்மா, கொச்சின், லாங்ஷான். கொச்சின் நம்ம கொச்சியிலிருந்து போனதல்ல, சீனாவிலிருந்து போனது. பிரம்மாவின் பெயர் பிரம்மபுத்திராவிலிருந்து வந்தது, ஆனால் அது உருவானது அமெரிக்காவில். சரி, இந்தியாவின் அசில்? 1981ல் சேர்த்தார்கள், அதுவும் ‘இதர’வில். அசிலைக் கலந்து இங்கிலாந்தில் உருவாக்கிய கார்னிஷ் மட்டும் இங்கிலீஷ் வகுப்பில் ஜம்முனு உட்கார்ந்திருக்கு. பிரிட்டனில் இன்றும் அதன் பெயர் ‘இந்தியன் கேம்’!

ஆக, ‘வகுப்பு’ என்ற கட்டம் கோழி எங்கே பிறந்தது என்று சொல்வதுபோலத் தெரிந்தாலும், உண்மையில் சொல்வது யார் அதை முதலில் எழுதி வைத்தார்கள் என்பதைத்தான். துறைமுகத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு இது புரியும். சரக்குக்கு விளைந்த ஊரின் பெயர் நிற்காது, கப்பல் ஏற்றின ஊரின் பெயர் நிற்கும். ஜெர்மானியர்களின் இனப்பட்டியலில் அசிலுக்குத் தனியாக ‘மதராஸ்’ என்றே ஒரு சண்டைக்கோழி உண்டு. ராயபுரத்தில் சேவல் வளர்க்கும் நண்பரிடம் சொன்னேன். சிரித்தார்.

நம் நாட்டுப் பதிவேடு எப்படி? கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனத்தில் இனப்பதிவு முறை 2007ல் தொடங்கியது. அங்கே கண்காட்சிப் பரிசு முக்கியமில்லை. தாய்நிலம் எது, மற்றதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதே கேள்வி. இது அமெரிக்கப் புத்தகத்தைவிட நியாயமான கேள்வி. ஆனால் அங்கேயும் அசிலின் தாய்நிலம் ஆந்திரா, ஒடிசா, சத்தீஸ்கர் என்றுதான் இருக்கிறது. நம்ம பக்கம் சேவல் எல்லையில் நிக்குமா என்ன?

இத்தனைக்கும் நம்மிடம் அடுக்கு இல்லாமல் இல்லை. உருவத்தை வைத்துப் பெருவிடை, சிறுவிடை. நிறத்தை வைத்துக் காகம், வல்லூறு, மயில், கீரி. யோசித்துப் பாருங்கள், 1874ல் அச்சிட்ட அதே இனம்–ரகம் லாஜிக். ஒரே வித்தியாசம், நாம் அச்சடிக்கவில்லை.

அதன் விலையை இப்போது கொடுக்கிறோம். வனராஜா, கிரிராஜா மாதிரி கலர் இறகுக் கோழிகள் ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கியவை. நல்ல கோழிகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கடைக்கு வந்ததும் எல்லாமே ‘நாட்டுக்கோழி’. மெதுவாக வளரும் சிறுவிடையைப் பொறுமையாக வளர்ப்பவருக்கும் அதே போர்டு, அதே விலை. அவர் எத்தனை நாள் வளர்ப்பார்?

இன்னொரு வேடிக்கை. பிராய்லரின் அடிப்படை, கார்னிஷையும் வெள்ளை பிளைமவுத் ராக்கையும் கலந்தது. அதாவது பக்கத்துக் கூண்டில் இருந்த வெள்ளைக்கோழியின் வம்சத்திலும் அசில் இருக்கிறது. அதை எழுதி வைத்திருக்கிறார்கள். செவலைக்கோழிக்கு யாரும் எழுதவில்லை. அதனால்தான் பாவம், அந்த அண்ணன் ‘மாதிரி’ என்றார். அன்றைக்கு நான் கேட்டதிலேயே நேர்மையான வகைப்பாடு அதுதான்.