வான்மாடி உலா

கோயிலைக் காட்டிக் காசு பார்த்த நகரங்கள் உண்டு. கோட்டையைக் காட்டிக் காசு பார்த்த நகரங்கள் உண்டு. இப்போது இரவையே காட்டிக் காசு பார்க்கும் நகரங்கள் தோன்றிவிட்டன. பாங்காக்கிலும் துபாயிலும் நடைபெறும் இந்த வாணிபம், சிங்கப்பூரில் மிகத் திருத்தமாக நடைபெறுகிறது. மாலை மயங்கியதும் ஆற்றங்கரையில் பத்துப் பன்னிரண்டு பேரை ஒன்று சேர்ப்பார்கள். வழிகாட்டி ஒருவர் வருவார். வானுயர்ந்த கட்டடங்களின் கூரையிலே அமைந்த மதுக்கூடங்கள் மூன்று, இறுதியில் நடனக்கூடம் ஒன்று. நள்ளிரவில் வாழ்த்துக் கூறி விடைகொடுத்து அனுப்புவார்கள். முதற் கோப்பை கட்டணத்தோடு சேர்ந்தது. அடுத்தடுத்த கோப்பைகள் அவரவர் பையைப் பொறுத்தவை.

கோடை விடுமுறையில் இந்த உலாவிற்குச் சென்று வந்தேன். அங்கே கணினித் துறையில் பணியாற்றும் என் கல்லூரித் தோழன் எனக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கிவிட்டான். பள்ளி ஆசிரியனின் சம்பளத்தில் எட்டாத மாடி அது என்பதை நான் சொல்லாமலே நீங்கள் அறிவீர்கள். நான் குடிப்பதில்லை. அதைப் பெருமையாகக் கூறவில்லை. எலுமிச்சைச் சாறு ஒரு கோப்பைக்கு அங்கே வாங்கிய விலையில் எங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு கூடை எலுமிச்சையே வாங்கலாம் என்ற வயிற்றெரிச்சலைப் பதிவு செய்வதற்காகவே கூறுகிறேன்.

குடிப்பவரைப் பழிக்க எழுதப்பட்ட கட்டுரை அன்று இது. உழைத்தவன் ஒரு மாலை ஓய்ந்திருக்க விரும்புகிறான். எங்கே ஓய்ந்திருப்பது, எதை அருந்துவது என்பது அவன் பாடு. என் பேச்செல்லாம் அந்த உலாவில் எங்களுக்கு ஓதப்பட்ட பாடத்தைப் பற்றியதே. மதுக்கூட உலாவிற்கு இலக்கிய ஏட்டில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். வேலை உண்டு, தோழர்களே! வழிகாட்டியின் சொற்பொழிவும் ஓர் இலக்கியமே. அதற்குத் தொடக்கம் உண்டு, அடுக்கு உண்டு, தலைவன் உண்டு. எதைச் சொல்வது, எதை விடுவது என்ற கணக்கும் உண்டு. வழிகாட்டுவதையே ஓர் இலக்கிய வகையாக்கி ஆற்றுப்படை என்று பெயரிட்டவர்கள் நாம். பெற்றவன் பெறாதவனுக்கு வழி கூறுவது ஆற்றுப்படை. மலைபடுகடாம் எனும் கூத்தராற்றுப்படையைப் படித்தவர் அறிவர்: விருந்து கிடைக்கும் இடத்தைச் சொல்லுமுன், வழியிலுள்ள குழி எது, வழுக்கும் பாறை எது, பாம்பு உறையும் இடம் எது என்பதையெல்லாம் அப்புலவன் சொல்லிவிடுகிறான். வழிகாட்டி என்றால் அதுதான் இலக்கணம். அந்த இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிங்கப்பூர் மாடிகளில் ஏறினேன்.

முதலில் ஆற்றங்கரை. கிளார்க் கீ என்று பெயர். 1873 முதல் 1875 வரை ஆளுநராக இருந்த ஆண்ட்ரூ கிளார்க்கின் பெயர். பழைய கிடங்குகளுக்கு வண்ணம் பூசி, 1993-இல் அதைக் கேளிக்கை இடமாக்கினார்கள். "ஒரு காலத்தில் இங்கே நாற்றம் வீசிற்று, இன்று இசை வீசுகிறது" என்றார் வழிகாட்டி. உண்மைதான். 1977-இல் தொடங்கி 1987 வரை பத்து ஆண்டுகள் உழைத்து அந்த ஆற்றைத் தூய்மை செய்தது சிங்கப்பூர் அரசு. அந்தச் சாதனையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த நாற்றத்தின் நடுவே நின்றவர்கள் யார்? கப்பலிலிருந்து மூட்டைகளை இறக்கிக் கரைசேர்த்த படகுகள் அங்கே நூற்றுக்கணக்கில் மொய்த்திருந்தன. தொடக்க காலத்துப் படகோட்டிகளிற் பலர் சோழமண்டலக் கரையிலிருந்து சென்றவர்கள். பின்னர் சீனத் தொழிலாளர்கள் அத்தொழிலை ஏற்றனர். 1983-இல் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அகற்றப்பட்டன. கிடங்கின் சுவர் காக்கப்பட்டது; கிடங்கிற்குள் மூட்டை சுமந்தவனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அங்கிருந்து வங்கிகள் நெருங்கிய வட்டாரம். மார்க்கெட் தெருவைக் கடந்தோம். அத்தெருவில் 280 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்று நிற்கிறது; அதன் உச்சியிலே தோட்டமும் உணவகமும் மதுக்கூடமும் இருக்கின்றன. மார்க்கெட் தெரு என்றதும் என் காது நிமிர்ந்தது. நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்த தெரு அது. நீண்ட கூடம், ஆளுக்கொரு கைப்பெட்டி, பெட்டி இருக்கும் இடமே அலுவலகம், அதுவே படுக்கை. 1970-களின் இறுதியில் அவை இடிக்கப்பட்டன. வட்டிக்கடையைப் போற்றிப் பாட நான் வரவில்லை. வாங்கியவன் பட்ட பாடு எனக்கும் தெரியும். ஆயினும் இன்று பன்னாட்டு வங்கிகள் வானளாவி நிற்கும் அவ்வட்டாரத்தில், தரையில் சம்மணமிட்டு அமர்ந்து பணத்தை ஆண்டவர்களும் இருந்தார்கள் என்பது சுவையான செய்தி அல்லவா? வழிகாட்டி சொன்னது, மேலே கிடைக்கும் மதுக்கலவையில் என்ன பழம் சேர்கிறது என்பதை.

கூரைமாடியிலிருந்து புனித ஆண்ட்ரூ பேராலயம் தெரிந்தது. வெள்ளை வெளேரென்ற கோபுரம். "ஆங்கிலேயர் காலக் கட்டடக் கலையின் அழகு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். 1856-இல் தொடங்கிய அந்தக் கட்டடத்தை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுசெல்லப்பட்ட கைதிகள். அந்த வெண்மைக்குக் காரணமான சாந்துக்குச் சென்னைச் சுண்ணாம்பு என்றே பெயர்: கிளிஞ்சற் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவை சேர்ந்த கலவை. மதுக்கலவைக்குச் சேரும் பொருள்களை ஒன்று விடாமல் ஒப்பித்த நாவுக்கு, இந்தக் கலவையைச் சொல்ல நேரமில்லை!

வழிகாட்டி மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. நல்ல இளைஞர். மூன்று மொழி பேசினார். எவருடைய கால் தள்ளாடுகிறது என்று கவனித்துக் கை கொடுத்தார். குறை, அவருக்கு மனப்பாடம் செய்யக் கொடுத்த ஏட்டில் இருக்கிறது. மேலேறி நின்று கீழே காட்டுவது அந்த ஏட்டின் முறை. மேலிருந்து பார்த்தால் விளக்கு தெரியும். விளக்கு ஏற்றியவன் தெரியமாட்டான்.

மூன்றாவது மாடிக்கு, மெரினா பே சாண்ட்சின் உச்சிக்கு, ஏறியபோது இது இன்னும் தெளிவாயிற்று. மூன்று கோபுரங்கள், அவற்றின் தலையிலே 340 மீட்டர் நீளத்தில் கப்பல் போன்ற மேடை, மோசே சாஃப்டி என்ற கட்டடக் கலைஞரின் திட்டம், 2010-இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ இருநூறு மீட்டர் உயரத்தில் நீச்சற்குளம், மதுக்கூடம், தென்றல். கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தின் மேல் அது நிற்கிறது. மனித அறிவு செய்த விந்தை! பகுத்தறிவாளன் எவனும் அதைக் கண்டு பெருமிதம் கொள்வான், நானும் கொண்டேன். கலைஞரின் பெயரை வழிகாட்டி இருமுறை சொன்னார். கட்டியவர்களைப் பற்றிக் கேட்டேன். "பல நாட்டுத் தொழிலாளர்கள்" என்றார். உடனே படம் எடுத்துக்கொள்ள ஏற்ற இடத்தைக் காட்டினார்.

பட்டினப்பாலை நினைவுக்கு வந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 301 அடிகள். காவிரிப்பூம்பட்டினத்தின் இரவை அவர் பாடுகிறார். உயர்ந்த மாடங்களில் பட்டாடை களைந்து மெல்லாடை உடுத்து, மது அருந்தி மகிழும் மகளிர் வருகிறார்கள். குடியும் கூத்தும் அவருக்குக் கூச்சம் தரவில்லை. ஆனால் மாடத்திலேயே அவர் தங்கிவிடவும் இல்லை. அடுத்த நொடியிலேயே கடலுக்குப் போய்விடுகிறார். அங்கே படகிலிருக்கும் பரதவர், அந்த மாடங்களில் எரியும் விளக்குகளை அண்ணாந்து பார்த்து எண்ணுகிறார்கள்! அதற்கும் அப்பால், சுங்கச்சாவடியில் சோர்வின்றிக் காவல் புரிந்து, பண்டங்களுக்குப் புலி முத்திரை இடுவோரையும் காட்டுகிறார். மாடத்தில் இருப்பவளுக்குப் பாட்டில் எத்தனை இடம் உண்டோ, படகில் இருப்பவனுக்கும் அந்தப் பாட்டில் இடம் உண்டு. அவனுக்குக் கண் உண்டு. மேலே பார்க்கும் உரிமை உண்டு. மன்னனைப் புகழ வந்த பாட்டுத்தான். பொருளை வேண்டிப் பாடிய பாட்டாகவே இருக்கட்டும். அதற்குள்ளும் அந்தப் பரதவனை விட்டுவிட அப்புலவனுக்கு மனம் வரவில்லை. கட்டணம் வாங்கும் இன்றைய ஆற்றுப்படைக்கு அவன் தேவையில்லாமற் போனான்.

சிங்கப்பூரின் பரதவன் எங்கே? அந்த மாடியிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் தொலைவில், தேக்கா என்று நம்மவர் அழைக்கும் லிட்டில் இந்தியாவில், ஞாயிற்றுக்கிழமைகளில் இருக்கிறான். ஆறு நாள் சாரத்தில் நின்றவன் ஏழாம் நாள் அங்கே வருகிறான்: ஊருக்குப் பணம் அனுப்ப, ஊர்க்காரனைப் பார்க்க, புல்தரையில் அமர. 2013 டிசம்பர் 8 ஞாயிறு இரவு, தொழிலாளர்களை விடுதிக்கு ஏற்றிச் செல்லும் பேருந்தின் சக்கரத்தில் சிக்கித் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். வயது 33. கூடியிருந்தோர் கொதித்தெழுந்தனர். காவல் வண்டிகள் கவிழ்க்கப்பட்டன, தீயும் வைக்கப்பட்டது. 25 பேர்மீது வழக்கு. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். 2014-இல் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை, வேலை நிலைமையிலும் வாழ்க்கை நிலைமையிலும் இருந்த மனக்குறை இதற்குக் காரணமன்று என்று கூறிற்று. மது ஒரு காரணம் என்று கூறிற்று. வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. தீ வைத்தவன் செய்தது குற்றமே.

பிறகு வந்தது 2015 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம். இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை பொது இடத்தில் எவரும் மது அருந்தலாகாது. இது ஊர் முழுமைக்கும். லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்குக்கும் தனி விதி: சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணிவரை, இரவு பகல் எந்நேரமும் பொது இடத்தில் அருந்தத் தடை. அங்கே குற்றம் செய்தால் தண்டனையும் ஒன்றரை மடங்கு. உரிமம் பெற்ற மதுக்கூடத்துக்குள் அமர்ந்து அருந்துவோரை அத்தடை தீண்டாது. சட்டம் எந்த நாட்டவன் பெயரையும் சொல்லவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். கிழமையையும் தெருவையும் மட்டுமே சொல்கிறது. யாருக்கு ஓய்வு ஞாயிறன்று, யார் கூடும் தெரு அது என்பதைக் கேட்டால் பெயர் தானே வரும். உரிமம் உள்ள கூடத்துக்கு அவன் போகலாமே என்பீர்கள். எங்கள் உலாவில் ஒரு வாயிலில் அறிவிப்புப் பலகை இருந்தது: செருப்புக் கூடாது, அரைக்காற்சட்டை கூடாது. தோழன் எனக்குக் காலணி இரவல் கொடுத்திருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

இருநூறு மீட்டர் உயரத்தில் கோப்பை, நாகரிகம். புல்தரையில் அதே கோப்பை, அபராதம்.

கொடுநோய்க் காலத்திலும் இதே கணக்குத்தான். தொழிலாளர் விடுதிகளில் 2020-இல் தொற்று பரவி, ஏறத்தாழப் பாதிப் பேரைத் தொட்டது. சிங்கப்பூரின் இரவுக் கேளிக்கைக் கூடங்கள் 2022 ஏப்ரல் 19 அன்று முழுமையாகத் திறக்கப்பட்டன. விடுதித் தொழிலாளர்களோ அப்போதும் அனுமதிச் சீட்டு இன்றி வெளியே வர இயலவில்லை. அந்த விதி ஜூன் 24-இல் தளர்ந்தபோதும், ஞாயிறன்று லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்குச் செல்லத் தனிச் சீட்டு வேண்டும் என்றார்கள்.

நடனக்கூடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓசை பெரிது, இடம் சிறிது. நாங்கள் சென்றது புதன்கிழமை. அன்று 'பெண்கள் இரவு' என்று சொல்லிப் பெண்களுக்கு நுழைவும் கோப்பையும் இலவசம். பெண்மைக்குச் செய்யும் மரியாதை என்றார் உடன் வந்த ஒருவர். தூண்டிற்காரன் புழுவிடம் காசு கேட்பதில்லை என்று தோழன் காதில் சொன்னேன். இசையில் அது அவனுக்குக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு தேக்காவிற்குப் போனேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர், எனக்குப் பத்து வயது மூத்தவர், தேநீர்க் கடை வாயிலில் காத்திருந்தார். எந்தெந்த மாடி ஏறினேன் என்று கேட்டார். இரண்டாவது கட்டடத்தின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"அதுல ரெண்டு வருஷம் வேலை பாத்தேன், வாத்தியார் தம்பி. உச்சித் தளத்துக்குக் கான்கிரீட் போட்டது எங்க கூட்டந்தான். அப்ப கண்ணாடி கிடையாது. காத்து ஆளையே தள்ளும்."

"மறுபடி போய்ப் பார்த்தீர்களா, அண்ணே?"

அவர் சிரித்தார். தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "தெற்கு மூலையில ஒரு வடிகால் வாய் இருக்கும். வாட்டம் சரியா வரலைன்னு மூணு தடவை உடைச்சுப் போட்டோம். இப்ப அங்க தண்ணி நிக்குதா?"

நான் பார்க்கவில்லை. விளக்குகளைத்தான் பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. விடுதிப் பேருந்துக்கு வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவர் குவளையைக் கொடுத்துவிட்டு எழுந்தார்.