பழைய துளையிலேயே

மேசைமேல் ஒரு ஸ்நேர் டிரம் குப்புறக் கிடக்கிறது. அடிப்பக்கத் தோலின் குறுக்கே இறுகி ஓட வேண்டிய சுருள் கம்பிகள் ஒரு முனையில் மட்டும் ஒட்டிக்கொண்டு மறுமுனையில் தொங்குகின்றன. அவற்றை இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெய்னரின் கைப்பிடி பாதியில் ஒடிந்திருக்கிறது. ஒடிந்த இடம் பளபளக்கவில்லை. வெல்லக்கட்டியை உடைத்தால் உள்ளே தெரியுமே, அதுபோல மணல்மணலாக, ஆனால் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே குறடு கவ்விய பல்தடம். இறுகிப்போன கைப்பிடியை யாரோ குறடு போட்டுத் திருப்பியிருக்கிறார். ஒடிந்த பிறகு டிரம்மின் உடலான ஷெல்லில் புதிதாக ஒரு துளை போட்டு, கொக்கி முடுக்கி, கம்பிகளைக் கயிற்றால் அதில் கட்டியிருக்கிறார். கயிறு அறுந்துவிட்டது. கொக்கி எங்கோ விழுந்துவிட்டது. துளை மட்டும் இருக்கிறது.

கைப்பிடியைப் பார்த்தபோது வராத வருத்தம் அந்தத் துளையைப் பார்த்தபோது வந்தது. ஒடிந்த கைப்பிடிக்கு மாற்று தேடலாம். துளைக்கு என்ன மாற்று?

இது லுட்விக்கின் ஆக்ரோலைட். 14 அங்குல விட்டம், 5 அங்குல உயரம், தோலை இறுக்கும் ராடுகள் மாட்டும் எட்டு லக்குகள். சிகாகோ டேமன் அவென்யூ தொழிற்சாலையில், 1960-களில், பள்ளி பேண்டு மாணவர்களுக்காகச் செய்தது. நெற்றியில் ‘கீஸ்டோன்’ என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் அந்தச் சாவிக்கல் வடிவப் பட்டயம். அதில் வரிசை எண் உண்டு. ஆனால் அதை வைத்துச் செய்த ஆண்டைத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது. பட்டயங்களை எண் வரிசைப்படி எடுத்துப் பொருத்தவில்லை, பெட்டியில் கைக்கு வந்ததை எடுத்துப் பொருத்தினார்கள். சிகாகோ புறநகர் ஒன்றில் வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் வாங்கினேன். கூட வந்த நண்பரின் மகன், கல்லூரியில் டிரம்ஸ் வாசிக்கிற பையன், என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

“இதைப் போய் ரிப்பேர் பண்ணப் போறீங்களா அங்கிள்? புதுசா ஒண்ணு வாங்கிடலாமே?”

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கழற்றினேன். தோல் இரண்டும், வளையங்கள் இரண்டும், லக்குகள் எட்டும், ஒடிந்த ஸ்ட்ரெய்னரும் போய், வெறும் அலுமினிய வளையம் மட்டும் மிஞ்சியது. அதை ஒற்றை விரலில் தொங்கவிட்டு, “இப்ப தட்டுப்பா” என்றேன். விரல் முட்டியால் தட்டினான். கோயில் மணி அடங்கும்போது கடைசியில் ஒரு இழை நிற்குமே, அப்படி ஒரு கார்வை. அது ஓயும்வரை அவன் பேசவில்லை.

அந்த ஷெல்லின் சங்கதி இதுதான். மூட்டு, ஒட்டு எதுவும் இல்லாமல் ஒரே தகட்டிலிருந்து சுழற்றி எடுத்தது. நடுவில் ஒரு புடைப்பு வரி; இரு ஓரங்களும் உள்நோக்கி மடிந்தவை. இதே ஷெல்லுக்குக் குரோம் முலாம் பூசி, பத்து லக்குகள் வைத்தால் அது சுப்ராபோனிக் 400. ஐம்பது அறுபது ஆண்டுகளாக ராக், சோல், ஜாஸ் ஒலிப்பதிவுகளில் திரும்பத் திரும்பக் கேட்கிற டிரம் அது. லெட் செப்பலின் குழுவின் ஜான் பான்ஹம் அதன் ஆறரை அங்குல உயர அண்ணனை வாசித்தவர். 1960-களின் தொடக்கத்தில் பித்தளையை விட்டு அலுமினியத்துக்கு மாறியதில் சுப்ராபோனிக்குக்கு ஒரு சோதனை வந்தது: அலுமினியத்தின்மேல் குரோம் காலத்துக்கும் ஒட்டி நிற்பதில்லை. அம்மைத் தழும்புபோலப் புள்ளி புள்ளியாக உரிந்துவிடும். முலாம் பூசாத மாணவர் டிரம்முக்கு அந்த வியாதி கிடையாது. விலை உயர்ந்த அண்ணன் தோல் உரிந்து நிற்க, தம்பி அறுபது வயதிலும் மங்கலான வெள்ளிபோல் அமைதியாக இருக்கிறான். எனக்குத் தம்பியைத்தான் அதிகம் பிடிக்கும்.

லுட்விக் சகோதரர்கள் வில்லியமும் தியோபால்டும் 1909-இல் சிகாகோவில் தொடங்கிய கம்பெனி இது. இடையில் கைமாறிப்போய், வில்லியம் 1937-இல் தன் முதலெழுத்துகளால் டபிள்யூ.எஃப்.எல். என்று வேறொன்றைத் தொடங்கி, 1955-இல் சொந்தப் பெயரையே திரும்ப விலைக்கு வாங்க வேண்டிவந்தது. 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் ரிங்கோ ஸ்டாரின் டிரம்மில் அந்தப் பெயரை அமெரிக்கா முழுதும் பார்த்தது. பிறகு தொழிற்சாலை இரவு பகலாக ஓடியது. என் மேசைமேல் கிடப்பது அந்த ஓட்டத்துப் பிள்ளை.

இனி கைப்பிடிக்கு வருவோம். அக்காலத்து ஸ்ட்ரெய்னர்களில் பெரும்பாலானவை, லக்குகளும்தான், துத்தநாகக் கலவையை அச்சில் அழுத்தி வார்த்தவை. 1929-இல் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி உருவாக்கிய ஜமாக் என்ற குடும்பத்தைச் சேர்ந்த உலோகம்: துத்தநாகத்தோடு நான்கு விழுக்காடு அளவுக்கு அலுமினியம், கொஞ்சம் மக்னீசியம், சிலவற்றில் செம்பு. எவ்வளவு நுணுக்கமான வடிவத்தையும் மலிவாக வார்க்கலாம். மேலே குரோம் பூசினால் எஃகுபோல் மின்னும். ஆனால் அது எஃகு அல்ல. வளையாது, நேரே ஒடியும். வார்க்கும்போது ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டால்கூட ஆண்டுகள் போகப் போக உள்ளுக்குள்ளேயே மணி மணியாகப் பிரிந்து விரிசல் விடும்.

ஒடிந்ததை ஒட்டவைக்கலாமே என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். தெரிந்த ஒருவர் இப்படித்தான் ஒரு ஸ்ட்ரெய்னரை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனார். இந்தக் கலவை 400 டிகிரி செல்சியஸுக்கும் கீழேயே உருகிவிடும். பித்தளை வைத்துப் பற்றவைக்கும் சுடருக்கு அது வெண்ணெய். அரை நிமிடத்தில் கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு சாம்பல்நிறச் சொட்டு கிடந்தது. கீறலை எபாக்ஸியால் பிடித்து, உள்ளே மெல்லிய எஃகு ஊசி ஒன்றைச் செருகி வலுவூட்டுவது நடக்கும்; அலங்காரப் பகுதிகளுக்கு அது போதும். கச்சேரியில் நூறு முறை போட்டு எடுக்கிற கைப்பிடிக்கு அதை நம்ப மாட்டேன்.

ஆகவே மாற்று. இங்கேதான் பொறுமை வேண்டும். கடையில் இன்று கிடைக்கும் புது ஸ்ட்ரெய்னர்கள் வேலையில் பழையதைவிட ஒரு படி மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வழவழவென்று நகரும், வழுக்காது. ஆனால் அவற்றின் மரையாணிகளுக்கிடையே உள்ள இடைவெளி பழைய துளைகளோடு பொருந்த வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால்கூட மனிதர் உடனே டிரில்லை எடுத்துவிடுகிறார். அதுதான் தவறு. பாகம் டிரம்முக்குப் பொருந்த வேண்டும். டிரம்மைப் பாகத்துக்கு அறுக்கக் கூடாது. வழியே இல்லையென்றால், பழைய துளைகளில் உட்காரும்படி ஒரு மெல்லிய பித்தளைத் தகடு வெட்டி, புதுத் துளையைத் தகட்டில் போட்டுக்கொள்ளலாம். நாளைக்குக் கழற்றினால் டிரம் பழையபடியே இருக்கும்.

மர டிரம் என்றால் இந்தப் பாவம் இன்னும் கூடும். ஜீன் க்ருபா வாசித்துப் புகழாக்கிய ஸ்லிங்கர்லேண்ட் ரேடியோ கிங், ஒரே மேப்பிள் பலகையை ஆவியில் வளைத்துச் செய்தது. அடுக்கடுக்காக ஒட்டிய பலகையல்ல, முழு மரம். அதன் பழைய ஸ்ட்ரெய்னர் கெட்டதும் அறுபதுகளில் ஒன்று, எழுபதுகளில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் பொருத்தி, ஸ்ட்ரெய்னர் இருக்கும் பக்கம் சல்லடையாகிப்போன ஷெல்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு துளையும் யாரோ ஒருவரின் ஒரு சனிக்கிழமை அவசரம்.

என் ஆக்ரோலைட்டுக்கு வேண்டியது ஏழு மாதம் கழித்துக் கிடைத்தது. அதே காலத்து இன்னொரு டிரம், ஏதோ வண்டிச் சக்கரம் ஏறி ஷெல் நசுங்கிப்போனது. அதன் ஸ்ட்ரெய்னருக்கு ஒன்றும் ஆகவில்லை. கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். குரோமின்மேல் இருந்த துரு கரும்பசையாகக் கழன்று வந்தது. அலுமினியம் குரோமைவிட மென்மை, கீறாது; துருவை மட்டும் தின்னும். பட்டயத்தை மட்டும் தேய்க்கவில்லை. அதன் எழுத்தின் மை போய்விட்டால் போனதுதான்.

கைப்பிடி வருவதற்குள் மற்ற வேலைகள் இருந்தன. எட்டு லக்கும் மேலும் கீழுமாக இழுப்பதால் பதினாறு டென்ஷன் ராடுகள். அவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணாடிப் பலகையின்மேல் உருட்டிப் பார்த்தேன். நேரானது சத்தமில்லாமல் ஓடும். வளைந்தது தலையாட்டிக்கொண்டே போகும். இரண்டு தலையாட்டின. ஒன்று அதன் நட்டிலேயே இறுகி உட்கார்ந்திருந்தது. எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்து, சால்டரிங் அயர்ன் முனையால் ராடின் நுனியைச் சூடாக்கி, காலையில் திருப்பினால் சின்னதாக ஒரு ‘க்ரிக்’. அந்தச் சத்தத்தைக் கேட்கும்போது வருகிற நிம்மதி, காதில் புகுந்த தண்ணீர் வெளியேறுவது போன்றது.

இந்த நட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. லக்கின் துத்தநாக உடம்பில் மரை வெட்டப்படவில்லை. உள்ளே தனியாக ஒரு பித்தளை நட்டு, கொஞ்சம் அசைந்து கொடுக்கும்படி உட்கார்ந்திருக்கிறது. எஃகு ராடு கடினம், பித்தளை நட்டு மென்மை. தேய்வதானால் நட்டுதான் தேயும். அதைத் தள்ளிவிட்டு வேறொன்று போட்டால் முடிந்தது, லக்குக்கு ஒரு சேதமும் இல்லை. எது கெட வேண்டும், எது கெடக் கூடாது என்று முன்கூட்டியே யோசித்த மனிதர்களின் வேலை. அமெரிக்க டிரம்களில் இந்த மரை ஏறக்குறைய ஐந்தரை மில்லிமீட்டர் தடிமன், அங்குலத்துக்கு 24 சுற்று. ஜெர்மானிய சோனாரின் பழைய டிரம்கள் பலவற்றில் 6 மில்லிமீட்டர். கலந்து போட்டு முடுக்கினால் இரண்டும் பாழ்.

ராடைத் திரும்பப் போடும்போது டிரம் சாவியைத் தொடுவதில்லை, விரல்தான். முதலில் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். எங்கோ ஓரிடத்தில் மரையும் மரையும் படியில் கால் வைத்ததுபோல் ‘டக்’ என்று இறங்கும். அந்த இடத்திலிருந்து முன்னோக்கிச் சுற்றினால் தானாகப் போகும். பின்னோக்கிச் சுற்றும் அந்த அரைச் சுற்றுக்கு நேரமில்லாதவர்கள் அழித்த மரைகள் எத்தனையோ.

லக்கே கெட்டுப்போன கதையும் உண்டு. ரோஜர்ஸ் கம்பெனியின் டைனாசோனிக் டிரம், 1960-களின் தொடக்கத்தில் வந்தது. கம்பிகளைத் தனிச் சட்டத்தில் கட்டி, அந்தச் சட்டத்தையே தோலோடு ஒட்டவும் விலக்கவும் செய்த அழகான யோசனை. ஆனால் அதன் முதல் லக்குகள் மெல்லிய பித்தளைத் தகட்டை அழுத்தி எடுத்தவை. இறுக்கத்தில் கீறல் விட்டன. 1964 வாக்கில் கம்பெனியே அவற்றை விட்டு வலுவான வார்ப்புக்கு மாறியது. இன்று கீறாத பழைய லக்கு ஒன்று கிடைத்தால் சேகரிப்பாளர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். அந்த மென்மையான வடிவத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

கடைசியாகக் கம்பிகள். அடித்தோல் மிக மெல்லியது, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத பிளாஸ்டிக் படலம். அதன்மேல் சுருள் கம்பிகள் ஒரே சீராகப் படிய வேண்டும். அதற்காக ஷெல் விளிம்பில் இரு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத அளவு தாழ்வாக ஒரு படுகை இருக்கிறது. கயிற்றை ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் அதிகம் இழுத்துவிட்டால் கம்பி வரிசை சாயும், டிரம் கொன்னும். மூன்று முறை கட்டி அவிழ்த்தேன். நான்காவது முறை நின்றது. ஸ்ட்ரெய்னர் பழைய துளைகளில், பழைய தடத்தின் மேலேயே, தன் இடத்துக்குத் திரும்பியதுபோல் உட்கார்ந்தது. யாரோ போட்ட அந்த அந்நியத் துளையை அடைக்கவில்லை. காற்று சீறாமலும் கிறீச்சிடாமலும் இருக்க, ஒரு சின்ன பித்தளை மரையாணியைக் கம்பளி வாஷரோடு கையால் முடுக்கி வைத்தேன். ஒடிந்த கைப்பிடியைத் துணியில் சுற்றி, டிரம் பெட்டியின் மூலையில் போட்டேன். அடுத்து யார் கைக்குப் போனாலும் அதுவும் கூடவே போகட்டும்.

பையன் சனிக்கிழமை வந்தான். குச்சியை எடுக்கவில்லை. முதலில் விரல் நுனியால், மேல்தோலின் ஓரத்தில், தூசி தட்டுவதுபோல் தட்டினான். அடியில் கம்பிகள் மணலை உதறியதுபோல் உடனே பதில் சொல்லின. கைப்பிடியைச் சாய்த்தான், கம்பிகள் விலகி, அந்த வெறும் அலுமினியக் கார்வை மட்டும் எழுந்தது. நிமிர்த்தினான், மறுபடி மணல். வாசிக்கவே இல்லை. பத்து நிமிடம் தட்டுவதும், கைப்பிடியைச் சாய்ப்பதும், நிமிர்த்துவதும், காதைக் கொண்டுபோய் ஷெல்லருகே வைப்பதுமாக இருந்தான்.